ஐந்துக்கு இரண்டு: நீங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்

பாக் விரிகுடாக் கரையில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே உள்ள ஒரு மீனவ ஊரிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் இயற்பியல் பட்டதாரி, வயது 24, பி.எட். இரண்டாம் ஆண்டு. பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இன்டர்ன்ஷிப் போகிறார். இன்னும் ஆறு வாரம் மீதி. கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்து, 'கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த நீங்கள் எந்த அளவுக்குத் தயார்?' என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார்களாம். கூடப் படிக்கிறவர்கள் 4, 5 என்று போட, இவர் எல்லா வரிசையிலும் 2 போட்டிருக்கிறார்.

அதற்கு முந்தைய வாரம் ஒன்பதாம் வகுப்புக்குப் 'பாய்மங்கள்' பாடம் எடுத்திருக்கிறார். பத்து நிமிடம் புரொஜெக்டரில் படமே வரவில்லை. வந்தபோது ஸ்லைடில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று. யூடியூப் காணொளி சுற்றிக்கொண்டே நின்றது. கடைசியில் கரண்ட்டும் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். "நமக்கு சாக்பீஸ் போதும்மா, எதுக்கு இந்த வேலை" என்றார் கைடு டீச்சர்.

இப்போது அவர் கேட்பது நான்கு. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? ராமநாதபுரத்தில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ், கட்டணம் 18,000 ரூபாய். அதோடு 45,000 ரூபாய் லேப்டாப். அம்மாவின் செயினை அடகு வைத்துச் சேரலாமா? கைடு டீச்சர் எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பாஸ்வேர்டைக் கொடுத்து வருகைப்பதிவைப் போடச் சொல்கிறார், பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் குரூப் தொடங்கவும் சொல்கிறார், செய்யலாமா? தோழிகள் ஏஐ-யிடம் பாடத்திட்டம் எழுதி வாங்குகிறார்கள், நானும் வாங்கலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். 'படம் வராததைவிட, ஏன் வரவில்லை என்று தெரியாமல் நின்றதுதான் வலித்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்கிறவருக்கு வழி இருக்கிறது. அந்த ஏன்களுக்கெல்லாம் கீழே விடை சொல்கிறேன். எதற்கும் செயின் அடகு வைக்க வேண்டியதில்லை.

அந்த 2 எதை அளந்தது?

'தயாரா?' என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கருவியை இயக்கத் தெரியுமா? பாடத்தின் எந்த இடத்துக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று முடிவு செய்யத் தெரியுமா? நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில், மணி அடிப்பதற்குள், அதை நடத்தி முடிக்க முடியுமா? படிவம் மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் போட்டுவிட்டது. புன்யா மிஸ்ரா, மாத்யூ கோலர் இருவரும் 2006-ல் முன்வைத்த 'டிபேக்' சட்டகம் சொல்வது இதைத்தான். பாட அறிவும் கற்பிக்கும் முறையும் தொழில்நுட்ப அறிவும் தனித்தனியே இருந்தால் போதாது, மூன்றும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அதைத் தனியாகத்தான் பழக வேண்டும் என்கிறார்கள். பி.எட்.டின் ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) தாளில் இந்தப் பெயரைப் படித்திருப்பீர்கள். பல கல்லூரிகளில் அந்தத் தாளையே நோட்ஸ் சொல்லி எழுத வைத்துத்தான் நடத்துகிறார்கள் என்பது வேறு விஷயம்.

உங்கள் தோழிகள் போட்ட 5 பெரும்பாலும் முதல் கேள்விக்கானதாக இருக்கும். போனில் ரீல்ஸ் வெட்டி ஒட்டத் தெரிந்தவருக்கு 'எனக்குத் தொழில்நுட்பம் தெரியும்' என்று தோன்றுவது இயல்பு. நீங்கள் வகுப்பில் நின்று பார்த்துவிட்டு மூன்றாவது கேள்விக்கு 2 போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. அவர்களும் ஒருமுறை புரொஜெக்டரோடு வகுப்புக்குப் போய் வந்த பிறகு அதே படிவத்தை நிரப்பட்டும், எண் இறங்கும். அப்படி இறங்குவதை நான் பின்னடைவு என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, 'தன்னம்பிக்கை வந்த பிறகு வகுப்பில் பயன்படுத்துகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசை தலைகீழ். 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா, 1977-லேயே அதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்யக் கண்டது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்து உடல் பதற்றத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதற்குத்தான் வலு அதிகம். உங்களுக்கு இதுவரை நான்கும் கிடைக்கவில்லை. கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் புரொஜெக்டரை வைத்து ஒழுங்காக ஒரு பாடம் நடத்தி நீங்கள் பார்த்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செய்த ஒரே முயற்சியும் சறுக்கியது. இந்த நிலையில் எவரும் 2-தான் போடுவார். ஆகவே உங்களுக்கு வேண்டியது சின்னதாக, தோற்க முடியாத அளவில் சில வெற்றிகள். ஆறு வாரம் அதற்கு ஏராளம்.

அன்றைக்கு என்ன பழுது, ஏன்?

எழுத்து குப்பையாக வந்ததற்குக் காரணம் ஃபாண்ட். பிரவுசிங் சென்டரில் பாமினியிலோ வானவில்லிலோ தட்டியிருப்பீர்கள். அந்த வகை ஃபாண்டுகளில் கம்ப்யூட்டர் உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்தையும் குறியையும்தான். மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது அந்த ஃபாண்ட் கோப்பு. பள்ளி கம்ப்யூட்டரில் அது இல்லையென்றால் போர்வை விலகி உள்ளிருப்பது தெரிந்துவிடும். யூனிகோடில் தட்டினால் இந்தத் தொல்லை இல்லை. போனில் வாட்ஸ்அப்புக்குத் தட்டுகிறீர்களே, அது யூனிகோடுதான். போனிலேயே தட்டி ஸ்லைடில் ஒட்டலாம். விண்டோஸில் லதா, நிர்மலா யுஐ ஃபாண்டுகள் யூனிகோடைக் காட்டும். முடித்ததும் ஸ்லைடை பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி சேமியுங்கள். பிடிஎஃப் எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டது போட்டபடி திறக்கும். ஒரு ஸ்லைடில் ஆறு வரிக்கு மேல் வேண்டாம். எழுத்தின் அளவு 32-க்குக் கீழே போனால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. கூட்டெழுத்தும் கொம்பும் உள்ள தமிழுக்கு ஆங்கிலத்தைவிடப் பெரிய அளவு வேண்டும்.

'நோ சிக்னல்' என்று வந்தது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். புரொஜெக்டர் எந்த வாயிலைக் கவனிக்க வேண்டும் என்பதை 'சோர்ஸ்' பட்டனில் தேர்ந்தெடுக்க வேண்டும். கேபிள் எச்டிஎம்ஐ-யில் இருக்க, புரொஜெக்டர் விஜிஏ-வைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது சரியென்றால் லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனும் பி-யும் சேர்த்து அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் கேபிளைக் கழற்றி ஒருமுறை மாட்டுங்கள். நம் கரையில் உப்புக் காற்று கேபிள் முனையின் உலோகத்தில் மெல்லப் பச்சைப் பூக்க வைத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்வதுண்டு. விஜிஏ கேபிளில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. அதற்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் தனியாக வேண்டும்.

காணொளி நின்றதற்கு டவரைத் திட்டிப் பயனில்லை. வகுப்பறையில் நெட் இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியை திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்து, வேண்டியதை முந்தின நாளே இறக்கி வைக்கலாம். பள்ளிக்கல்வித் துறை 2023-ல் கொண்டுவந்த மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டு வரைக்குமான பாடக் காணொளிகள் உண்டு. செயலிக்குள் இறக்கியது அந்தப் போனில்தான் ஓடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். போனை ஒரு வயரில் புரொஜெக்டரோடு இணைத்துவிடலாம் என்று நினைத்துக் கேபிள் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. விலை குறைந்த போன்கள் பலவற்றில் டைப்-சி வழியாகப் படம் வெளியே போகும் வசதியே கிடையாது. வாங்குமுன் கடையிலேயே உங்கள் போனைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பென்டிரைவில் கொண்டுபோவதாக இருந்தால் எம்பி4 வடிவம், 720பி தரம் போதும். ஐந்து நிமிடக் காணொளி சுமார் 75 எம்பி வரும். முழுவதையும் ஓட்டாதீர்கள். வேண்டிய 90 நொடி எது என்று குறித்து வைத்து, அங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்.

கரண்ட் போவதை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் விளக்கு வகைப் புரொஜெக்டராக இருந்தால், கரண்ட் வந்த உடனே சுவிட்சைப் போடாதீர்கள். உள்ளே விசிறி நின்றுபோய் விளக்கு சூடாக இருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் விளக்கின் ஆயுள் குறையும், பழி பயிற்சி ஆசிரியர் தலையில் விழும். அந்தப் பத்து நிமிடத்துக்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்பதுதான் உண்மையான தயாரிப்பு.

பிள்ளைகள் சிரித்தது பற்றி ஒரு வார்த்தை. பதினான்கு வயதுக்கு, ஸ்கிரீனில் புரியாத எழுத்து வந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். அதை உங்கள் மேல் வந்த சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை இப்படி ஆனால், கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு நிமிடம். அதற்குள் சரியாகவில்லையென்றால் "சரி, இதை ஓரமா வைப்போம், பாட்டிலை எடுங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் போய்விடுங்கள். அன்றைக்கு உங்களைக் கவிழ்த்தது அந்தப் பத்து நிமிடத் தடுமாற்றம், பழுது அல்ல.

பாட்டில் முதலில், ஸ்கிரீன் பிறகு

எந்தப் பாட்டில் என்கிறீர்களா? அதே 'பாய்மங்கள்' பாடத்தையே மறுபடி எடுங்கள். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்பதைக் காட்டக் கம்ப்யூட்டரே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மேல், நடு, கீழ் என்று சூடான ஊசியால் மூன்று ஓட்டை போட்டு, டேப் ஒட்டி, தண்ணீர் நிரப்பி, டேப்பை உரித்தால் போதும். கீழ் ஓட்டையில் தண்ணீர் வேகமாகப் பாயும்.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு, பலரும் மாட்டிக்கொள்வது. பாட்டிலை மேசை நடுவில் வைத்தால் நடு ஓட்டைத் தண்ணீர்தான் தூரமாக விழும். கீழ் ஓட்டைத் தண்ணீர் வேகமாகக் கிளம்பினாலும் கீழே விழ இடமில்லாமல் உடனே மேசையைத் தொட்டுவிடும். "டீச்சர், புத்தகத்துல வேற மாதிரி இருக்கே" என்று ஒருவன் கேட்பான். பாட்டிலை ஒரு ஸ்டூலின் ஓரத்தில் வைத்துத் தண்ணீர் தரைவரை விழவிடுங்கள். கீழ் ஓட்டைத் தண்ணீர் தூரத்தில் விழும். கேட்டவனைப் பாராட்டிவிட்டு இரண்டையும் செய்து காட்டினால் இன்னும் நல்லது.

கம்ப்யூட்டர் எங்கே வேண்டும்? திரவத்தின் அடர்த்தியை மாற்றி, ஆழத்தை மாற்றாமல், அழுத்தத்தை எண்ணாகப் பார்க்க வேண்டிய இடத்தில். வகுப்பில் தேனையும் பெட்ரோலையும் தொட்டியில் ஊற்ற முடியாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தளத்தில் 'அண்டர் பிரஷர்' என்ற பாவனை (சிமுலேஷன்) இருக்கிறது, இலவசம். அதன் கோப்பை ஒருமுறை இறக்கி வைத்தால் நெட் இல்லாமல் பிரவுசரில் ஓடும். ஃபெட் பாவனைகள் பலவற்றுக்குத் தமிழாக்கம் உண்டு. நீங்கள் எடுப்பது தமிழில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் நான்கைந்து ஆங்கிலச் சொல்லுக்குப் பாடநூல் சொல்லைப் போர்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளே போனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மீட்டரைத் தண்ணீருக்குள் விடுமுன்னரே அது 101 கிலோபாஸ்கல் காட்டும். காற்றழுத்தம் சேர்ந்த கணக்கு அது. வளிமண்டலத்தை 'ஆஃப்' செய்துவிட்டுத் தொடங்கினால் குழப்பம் இல்லை. அடுத்து, 'கடல்தண்ணி, நல்லதண்ணி வித்தியாசம் காட்டுங்க' என்று நம் ஊர்ப் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். கடல்நீரின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 1,025 கிலோ, நன்னீருடையது 1,000. இரண்டரை சதவீத வித்தியாசம் மீட்டரில் பளிச்சென்று தெரியாது. அதனால் பெட்ரோல், தேன் என்று இரண்டு ஓரத்துக்கும் இழுத்துக் காட்டிவிட்டு, கடல்நீரைக் கணக்காகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை இழுக்குமுன்னும் "கூடுமா, குறையுமா?" என்று கை தூக்க வையுங்கள். கை தூக்காமல் பார்த்த பாவனை வேடிக்கையாகவே போய்விடும்.

முடிக்க ஒரு கேள்வி: கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களுக்கு ஏன் காது வலிக்கிறது? பத்து மீட்டர் ஆழத்தில் கடல்நீர் தரும் அழுத்தத்தை அவர்களே கணக்கிடட்டும்: 1,025 × 9.8 × 10, ஏறக்குறைய ஒரு லட்சம் பாஸ்கல். மேலே இருக்கும் மொத்தக் காற்றழுத்தத்துக்குச் சமமான இன்னொரு பங்கு. இதைச் சொல்ல உங்களுக்கு ஸ்கிரீன் தேவையில்லை. சொல்லப்போனால், 45 நிமிடப் பீரியடில் கம்ப்யூட்டர் ஓடுவது 8 முதல் 12 நிமிடம்தான். 'தொழில்நுட்ப வகுப்பு' என்றால் முதல் நிமிடம் முதல் கடைசி நிமிடம் வரை ஸ்லைடு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஆறு வாரத்துக்கு ஒரு வரிசை

முதல் வாரம் ஒரே ஒரு படம், மூன்று நிமிடம். பிள்ளைகள் வருமுன் மாட்டிச் சரிபார்த்து வைத்தது. இரண்டாம் வாரம் 90 நொடிக் காணொளி, நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி. மூன்றாம் வாரம் பாவனை, நீங்களே இயக்கி. நான்காம் வாரம் அதையே ஒரு மாணவி வந்து இயக்கட்டும், நீங்கள் பின்னால் நின்று கேள்வி கேளுங்கள். ஐந்தாம் வாரம் ஹைடெக் லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். போய் உட்கார ஐந்து நிமிடம், திரும்பி வர ஐந்து நிமிடம் கழித்துக்கொண்டு திட்டமிடுங்கள், லேப் பொறுப்பாளரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். ஆறாம் வாரத்தைத் தவறவிட்டதைத் திரும்பச் செய்ய வைத்துக்கொள்ளலாம். உடன் பயிற்சிக்கு வந்திருக்கும் தோழி ஒருவரைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, கம்ப்யூட்டரால் எந்த இடத்தில் நேரம் வீணானது, எந்த இடத்தில் பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள் என்ற இரண்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அவர் வகுப்புக்கு நீங்கள் போய் உட்காருங்கள். பந்தூரா சொன்ன இரண்டாவது ஊற்று இப்படித்தான் கிடைக்கும். இந்தக் குறிப்புகளை உங்கள் பயிற்சி ரெக்கார்டிலும் சேருங்கள். பழுதானதையும் அதற்குச் செய்த மாற்றத்தையும் எழுதிய பக்கம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உங்களுக்குக் கைகொடுக்கும்.

கைடு டீச்சரிடம் விவாதம் வேண்டாம். "சாக்பீஸ் போதும்" என்று அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வகுப்புக்கு வந்து பத்து நிமிடம் வயரோடு மல்லுக்கட்டிய எத்தனையோ பேரைப் பார்த்து வந்த சலிப்பு அது. "டீச்சர், பத்து நிமிஷம் மட்டும் தாங்க, கரண்ட் போனா பாட்டிலை வச்சு முடிச்சிடறேன்" என்று முந்தின நாளே லெசன் பிளானைக் காட்டிக் கேளுங்கள். மாற்று ஏற்பாடு எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலோர் தடை சொல்வதில்லை.

பாஸ்வேர்டும் வாட்ஸ்அப் குரூப்பும்

எமிஸில் அந்த டீச்சரின் பெயரில் நீங்கள் போடும் ஒவ்வொரு பதிவும் அவர் போட்டதாகவே கணக்கில் ஏறும். ஒரு பிள்ளைக்குத் தவறாக 'ஆப்சென்ட்' விழுந்தால் அவரும் மாட்டுவார், உங்களையும் கைகாட்டுவார். மறுத்துப் பேச வேண்டியதில்லை. "பாஸ்வேர்டை நீங்களே போடுங்க டீச்சர், பக்கத்துல உக்காந்து நான் பேர் வாசிக்கிறேன்" என்று சொல்லலாம். வேலையும் கற்றுக்கொள்வீர்கள், வம்பும் இல்லை. ஏற்கெனவே உங்கள் போனில் அந்தக் கணக்கு திறந்திருந்தால் இன்றைக்கே லாக்அவுட் செய்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஆபத்து கூடுதல். உங்கள் சொந்த எண்ணில் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். பெண் பிள்ளைகளின் எண்கள் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். இரவில் யார் யாருக்கு என்ன அனுப்பினாலும் குரூப் தொடங்கியவர் நீங்கள். வேண்டுமென்றால் தலைமையாசிரியரின் அனுமதியோடு, கைடு டீச்சர் அட்மினாக, பெற்றோர் எண்களை வைத்து, அட்மின் மட்டும் செய்தி போடும்படி அமைக்கச் சொல்லுங்கள். இன்னொரு நடைமுறைச் சங்கடமும் இருக்கிறது. பல வீடுகளில் ஒரே போன். படகு போகும் நாளில் அதுவும் கடலுக்குப் போய்விடும். வீட்டுப்பாடத்தைக் குரூப்பில் மட்டும் போட்டால் அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் காரணமில்லாமல் திட்டு வாங்கும். எதைப் போட்டாலும் போர்டிலும் எழுதுங்கள்.

வகுப்பைப் படம்பிடித்து ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் இப்போது பயிற்சி ஆசிரியர்களிடம் பரவியிருக்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் பெண்ணின் முகம் முன்பின் தெரியாதவர் ஸ்டேட்டஸில் வந்தால் ஒப்புவீர்களா? கல்லூரிக்குச் சான்றாகப் படம் வேண்டுமென்றால் பின்னால் இருந்து, போர்டும் நீங்களும் தெரியும்படி, தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஏஐ எழுதித் தரும் பாடத்திட்டம்

தடுக்க மாட்டேன், ஆனால் இடம் மாறக் கூடாது. பாடத்தின் நோக்கத்தையும் கேள்விகளையும் நீங்கள் எழுதிவிட்டு, "இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தவறாகப் புரிந்துகொள்வார்கள்?", "இதே கணக்குக்கு இன்னும் ஐந்து எண்கள் கொடு" என்று கேட்பது பயனுள்ள வேலை. முழுத் திட்டத்தையும் வாங்கி ரெக்கார்டில் ஒட்டினால் வைவாவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பாடநூல் கலைச்சொல்லோடு ஒப்பிடாமல் எதையும் எடுக்காதீர்கள். 'அடர்த்தி' வர வேண்டிய இடத்தில் 'செறிவு' என்று எழுதிவிடலாம், பிள்ளைக்கு வேதியியல் பாடத்தோடு குழம்பும். கணக்கு விடைகளை நீங்களே போட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், வீட்டு நிலைமை எதையும் அதில் தட்ட வேண்டாம்.

செயினை அடகு வைக்கலாமா?

வேண்டாம். ஆறு மாதக் கோர்ஸில் பெரும்பாலும் வேர்டு, எக்செல், கொஞ்சம் டேலி சொல்லித் தருவார்கள். அன்றைக்கு உங்கள் வகுப்பில் பழுதானவற்றில் ஒன்றுக்குக்கூட அங்கே விடை இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதத் தனியார் கணினிச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. அந்த நேரத்தைத் தேர்வுக்குப் படிக்கச் செலவிடுங்கள். ஐசிடி சார்ந்த படிப்புகள் வேண்டுமென்றால் ஸ்வயம் தளத்திலும் திக்‌ஷாவிலும் இலவசமாகவே இருக்கின்றன. ஸ்வயத்தில் சான்றிதழுக்கான தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

லேப்டாப்புக்கு வருவோம். தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி பீரோ மேல் கிடப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கீழே இறக்குங்கள். பேட்டரி போனாலும் சார்ஜரில் மாட்டினால் ஓடக்கூடும். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம், கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். மெதுவாக ஓடினால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். சில ஆயிரங்களில் முடியும். ஸ்லைடு காட்டவும், காணொளி ஓட்டவும், ஃபெட் பாவனைக்கும் அது தாராளம். அதோடு மூன்று மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள், எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர், ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு பென்டிரைவ், சின்ன ஸ்பீக்கர். இவற்றைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்; ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பும் ஈரமும் சேர்ந்து முனைகளைத் தின்றுவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்பா நாட்டுப் படகுக்காரர் என்பதால் உங்கள் வீட்டுக்குத் தடை நேரடியாக இல்லாவிட்டாலும், ஊரே கையைக் கட்டி உட்காரும் இரண்டு மாதத்தில் கைமாற்று கிடைக்காது. அடகு வட்டி மட்டும் தேதி தவறாமல் வரும். அதையும் கணக்கில் வையுங்கள். தம்பியின் மடிக்கணினி சரிப்படாது என்றே ஆகிவிட்டால், ஜூன் கடைசியில் பழைய லேப்டாப் ஒன்று பாருங்கள். எச்டிஎம்ஐ வாயில் இருக்கிறதா, 8 ஜிபி ரேம் இருக்கிறதா, கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருநாள் பள்ளிக்குக் கொண்டுபோய் அந்தப் புரொஜெக்டரிலேயே மாட்டிப் பாருங்கள்.